மாதக் கடைசிக்குள் ஒரு "புதிய யோசனை" வேண்டுமாம். எங்கே போவேன்?

கிடங்குக்காரன் | டர்பன் | திங்கள், இரவு 8:10

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். இங்கே பிறந்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு தென்னாப்பிரிக்காவுக்கு, இந்த டர்பனுக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. நகரத்துக்குத் தெற்கே கார் உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் டெஸ்பாட்ச் குமாஸ்தா வேலை. ஆர்டர் சீட்டு வரும், பையன்கள் அலமாரியிலிருந்து சாமானை எடுத்து வருவார்கள், நான் சரிபார்த்து லேபிள் ஒட்டி பக்கியில் (பிக்கப் வண்டிக்கு இங்கே அப்படித்தான் பெயர்) ஏற்றி அனுப்புவேன். அவ்வளவுதான்.

போன வாரம் மேலாளர் எல்லாரையும் நிற்க வைத்து ஒரு பேச்சுப் பேசினார். இனிமேல் எல்லாரும் புதுமையாகச் சிந்திக்க வேண்டுமாம். வருகைப் பதிவு மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மரப் பெட்டியை ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் ஆளுக்கு ஒரு சீட்டு போட்டாக வேண்டும். போடாதவர் பெயர் பலகையில் வருமாம். ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு டாஃபி காகிதமும், "நல்ல டாய்லெட் பேப்பர் வாங்கவும்" என்று ஒரு சீட்டும்தான் இருந்தன.

நான் மூன்று ராத்திரி நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு ஆப் செய்யலாம் என்று எழுதினேன். ட்ரோன் என்று எழுதினேன். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்து கிழித்துப் போட்டேன். புதுசாக யோசிக்க நான் என்ன விஞ்ஞானியா? உங்கள் வேலையில் உங்களுக்கு ஏதாவது தோன்றியிருக்கிறதா, எப்படித் தோன்றியது என்று சொல்லுங்கள். தயவுசெய்து யூட்யூப் வீடியோ அனுப்ப வேண்டாம். அதையெல்லாம் பார்த்துவிட்டேன்.

ஜோபர்க் கணக்கு | ஜோகனஸ்பர்க் | திங்கள், இரவு 9:02

தம்பி, என் ஆலோசனை ஒன்றே ஒன்று. நல்ல யோசனையாகத் தோன்றினால் அந்தப் பெட்டியில் போடாதே.

"ப்ளீஸ் கால் மீ" கதை தெரியுமா? போனில் காசு இல்லாதவன் இலவசமாக "என்னைக் கூப்பிடு" என்று ஒரு மெசேஜ் அனுப்பலாமே, அது. 2000 நவம்பரில் வோடகாம் கம்பெனியில் பயிற்சிக் கணக்காளராக இருந்த இங்கோசானா மகாட்டே என்பவர் எழுதிக் கொடுத்த யோசனை. அவருடைய தோழி தூரத்தில் கல்லூரியில் படித்தாள், ஏர்டைம் வாங்கக் காசு இருக்காது. நம் ஊரில் மிஸ்டு கால் கொடுப்போமே, அதே தவிப்புதான். 2001-இல் சேவை வந்தது, நாடே பயன்படுத்தியது. லாபம் வந்தால் பங்கு தருவோம் என்று அதிகாரி சொன்னது வெறும் வாய் வார்த்தை. அதற்காக மகாட்டே வழக்குப் போட்டு, 2016 ஏப்ரலில் அரசியல் சட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எவ்வளவு பணம் என்கிற பேரம் அதற்குப் பிறகும் வருடக் கணக்கில் இழுத்தது. கணக்கர் இனத்தைச் சேர்ந்தவன் என்பதால் எனக்கு இந்த வழக்கு கொஞ்சம் மனசுக்கு நெருக்கம்.

அதனால் பெட்டிக்கு டாய்லெட் பேப்பர் யோசனையே போதும்.

மணல்மேடு | டர்பன் | திங்கள், இரவு 9:20

அதே காலத்தில் எம்டிஎன் கம்பெனியும் இதே மாதிரி ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தோன்றக்கூடாதா?

ஜோபர்க் கணக்கு | திங்கள், இரவு 9:26

தோன்றலாம். நீதிமன்றத்தில் கேள்வி அதுவல்ல. கொடுத்த வாக்கு கொடுத்ததுதானா என்பதுதான் கேள்வி.

சாட்ஸ்வொர்த் ஆயா | செவ்வாய், காலை 6:15

பிழை இருந்தால் மன்னிக்கவும். நான் இங்கேயே பிறந்தவள், தமிழ் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்தது. பேத்திதான் போனில் தமிழ் எழுத்து வைத்துக் கொடுத்தாள்.

மகனே, நான் தையல் ஃபாக்டரியில் 31 வருஷம் வேலை செய்தேன். அந்தக் காலத்தில் டர்பனில் நம் பெண்கள் பாதிப் பேர் அந்த வேலைதான். அப்புறம் வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து ஃபாக்டரி எல்லாம் ஒவ்வொன்றாக மூடிப் போனது. நான் ஸ்கூல் கால்சட்டைக்குப் பக்கத் தையல் போடுவேன். 20 துணி சேர்த்து ஒரு கட்டு. கட்டு தரையில் இருக்கும். குனிந்து எடுக்க வேண்டும், தைக்க வேண்டும், அந்தப் பக்கம் போட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை குனிவேன் என்று எண்ணவே மாட்டேன், எண்ணினால் அழுகை வரும்.

என் இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு முதுகு தாங்கவில்லை. மார்க்கெட்டிலிருந்து ஒரு தக்காளிப் பெட்டி கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் துணிக் கட்டை வைத்தேன். மெஷின் மேசை உயரத்துக்கு வந்தது. குனிய வேண்டாம், கையை நீட்டினால் போதும். சூப்பர்வைசர் வந்து கத்தினார், எடு அதை என்றார். எடுத்தேன். அவர் போன பிறகு மறுபடி வைத்தேன். அந்த வாரம் என் எண்ணிக்கை ஏறிவிட்டது. எங்களுக்குத் துண்டுக் கணக்கில் சம்பளம், அதனால் எல்லாருக்கும் தெரிந்துபோனது. அடுத்த வாரம் என் வரிசையில் ஏழு தக்காளிப் பெட்டி.

இரண்டு மாதம் கழித்து கம்பெனியே இரும்பு ஸ்டாண்டு செய்து எல்லா மெஷினுக்கும் வைத்தது. சூப்பர்வைசர் படம் கம்பெனிப் பத்திரிகையில் வந்தது. எனக்கு ஒரு டின் பிஸ்கட் கொடுத்தார்கள். பிஸ்கட் நன்றாகத்தான் இருந்தது.

நீ நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எப்படி வரும்? எனக்கு முதுகு வலித்தது, அதனால் வந்தது.

பட்டறை மணி | பைன்டவுன் | செவ்வாய், மதியம் 1:30

ஆயா சொன்னதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்காது. நான் கார் தொழிற்சாலைகளுக்கு இரும்புப் பிடிப்பான் செய்து கொடுக்கும் ஒரு சின்ன பட்டறையில் வேலை செய்கிறவன்.

அந்த யோசனைப் பெட்டி ஒன்றும் புதிய பெட்டியே இல்லை. அமெரிக்காவில் கோடாக் கம்பெனி 1898-இலேயே வைத்தது. முதலில் பரிசு வாங்கிய யோசனை என்ன என்று நினைக்கிறாய்? ஜன்னல் கண்ணாடியைக் கழுவினால் உள்ளே வெளிச்சம் வரும் என்று ஒரு தொழிலாளி எழுதிப் போட்டார். 2 டாலர் கொடுத்தார்கள். ஃபிலிம் செய்கிற கம்பெனியில், ஃபிலிமைப் பற்றி அல்ல, ஜன்னலைப் பற்றி!

டொயோட்டாக்காரர்கள் 1950-இல் அமெரிக்கா போய் ஃபோர்டில் இதைப் பார்த்துவிட்டு, 1951-இல் தங்கள் இடத்தில் தொடங்கினார்கள். ஃபோர்டிலிருந்து எடுத்ததுதான், ஆனால் அங்கே அது தழைத்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் குடும்பத்துக்கு மூத்தவர் சகிச்சி டொயோடா தச்சர் மகன். அம்மா தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். 1924-இல் அவர் முடித்த தானியங்கித் தறி ஒரு நூல் அறுந்தாலும் தானாக நின்றுவிடும். நின்றால் என்ன லாபம் என்று தோன்றும். நிற்காவிட்டால் அறுந்த நூலோடு கெஜக் கணக்கில் துணி வீணாகும், அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொரு தறிக்கும் ஒரு ஆள் வேண்டும். தறியே நின்று சொன்னால் ஒரு பெண் இருபது முப்பது தறியைப் பார்த்துக்கொள்ளலாம். பிற்பாடு கார் தொழிற்சாலையில் தப்பு கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தால் வரிசையே நிற்கிறதே, அதற்கு வேர் இந்தத் தறிதான்.

அதனால் கிடங்குத் தம்பி, புதுமையை விட்டுத் தள்ளு. இந்த ஒரு வாரம் வேலையில் எதற்கெல்லாம் வாய்க்குள் திட்டினாயோ அதை மட்டும் அன்றன்றைக்கே எழுதி வை. திட்டையும் சேர்த்து எழுது. ஏழு நாள் கழித்து இங்கே போடு.

ஜோபர்க் கணக்கு | செவ்வாய், மதியம் 1:52

பார்த்தீர்களா, ஆயாவுக்குப் பிஸ்கட், சூப்பர்வைசருக்குப் படம். நான் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சாட்ஸ்வொர்த் ஆயா | செவ்வாய், மாலை 5:40

வேண்டாம் மகனே. ஆனால் முதுகு என்னுடையது. வலி நின்றுபோனதில் லாபம் எனக்குத்தான்.

கிடங்குக்காரன் | அடுத்த செவ்வாய், இரவு 7:45

மணி அண்ணே, எழுதிவிட்டேன். திட்டுகளை மட்டும் நீக்கியிருக்கிறேன், இங்கே ஆயா இருக்கிறார்.

டெலிவரி டிரைவர்கள் ஒவ்வொருவரும் என் மேசைக்கு வந்து பேனா கேட்கிறார்கள், திருப்பித் தருவதில்லை. மின்சாரம் போய் வந்தால் பிரிண்டர் முதல் காகிதத்தை மென்று துப்புகிறது. லேபிள் உருளை தீர்ந்தால் சாவி ஸ்டோர்கீப்பரிடம், ஸ்டோர்கீப்பர் எங்கே என்று தெரியாது.

இதெல்லாம் சில்லறை. உண்மையாகவே ரத்தக் கொதிப்பு ஏறுவது ஒன்றுக்குத்தான். இடது, வலது. பக்கவாட்டுக் கண்ணாடி, ஹெட்லைட், கதவுக் கைப்பிடி எல்லாம் இரண்டு வகை. எண்ணில் கடைசி எழுத்து மட்டும் மாறும். பெட்டி ஒரே பெட்டி, அலமாரியிலும் பக்கத்துப் பக்கத்துத் தட்டு. வாரத்துக்கு நாலைந்து தடவை இடதுக்குப் பதில் வலது போகிறது. மெக்கானிக் போனில் கத்துவார். அதே பக்கி திரும்பப் போக வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரைக்கும் ஒரு கண்ணாடிக்காக இரண்டாவது நடை போனதுண்டு, போக வர 150 கிலோமீட்டருக்கு மேல்.

இதற்கு வண்ண லேபிள் பிரிண்டர் வாங்கலாம் என்று எழுதிப் போடலாமா? விலை பார்த்தேன். மேலாளர் பெட்டியோடு என்னையும் வெளியே வைத்துவிடுவார்.

பட்டறை மணி | செவ்வாய், இரவு 8:30

வந்துவிட்டதா இல்லையா? இது போதும், பேனாவை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் மருந்துக்கு ஓடாதே. முதலில் ஏன் என்று கேள். பதில் வந்தால் அதற்கும் ஏன் கேள். டொயோட்டாவில் ஐந்து தடவை ஏன் கேட்கச் சொல்வார்கள். மூன்றாவதிலேயே பெரும்பாலும் நம் சட்டைக் காலரைப் பிடித்துவிடும்.

பீனிக்ஸ் கடைக்காரர் | செவ்வாய், இரவு 9:00

எல்லாரும் ஜப்பானையே சொல்கிறீர்கள். நம் டர்பனில் உலகமே பார்த்த கண்டுபிடிப்பு பன்னி சவ் இல்லையா! ரொட்டியை வெட்டி, நடுவில் இருக்கும் மெத்தையைத் தோண்டி எடுத்து, குழியில் கறிக் குழம்பை ஊற்றினான். தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம், கழுவுகிற வேலையும் இல்லை. பாத்திரத்தையே சாப்பிட்டுவிடலாம். 22 வருடமாக விற்கிறேன், இன்னும் அந்த மூளையை நினைத்தால் ஆச்சரியம்தான்.

மணல்மேடு | செவ்வாய், இரவு 9:11

கண்டுபிடித்தது யார்? கிரே ஸ்ட்ரீட் பனியாக் கடைக்காரர்கள்தானே, பன்னி என்கிற பெயரே அதில் வந்தது என்பார்கள்.

பீனிக்ஸ் கடைக்காரர் | செவ்வாய், இரவு 9:14

அது ஒரு கதை. கால்ஃப் மைதானத்தில் மட்டை தூக்கிய பையன்களுக்காக என்று இன்னொரு கதை. நிறவெறிக் காலத்தில் கறுப்பர்களை உள்ளே உட்கார வைத்துப் பரிமாற முடியாது, அதனால் கையில் கொடுத்து அனுப்பினார்கள் என்று இன்னொன்று. எங்கள் தாத்தா தான்தான் செய்தேன் என்பார். டர்பனில் எல்லார் தாத்தாவும் அப்படித்தான் சொல்வார்கள்.

வெள்ளை உடுப்பு | டர்பன் | செவ்வாய், இரவு 9:30

குவார்ட்டர் பன்னி, அதான் கால் ரொட்டி, மட்டனா, பீன்ஸா? நைட் டியூட்டிக்குப் பசிக்கிறது.

பீனிக்ஸ் கடைக்காரர் | செவ்வாய், இரவு 9:33

பீன்ஸ்தான் அசல் என்பது என் கட்சி. ஆனால் சுகர் பீன்ஸ் வேக நேரம் ஆகும். 2023-இல் லோட் ஷெடிங் தலைவிரித்து ஆடியபோது பாதி வெந்த அண்டாவை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த் ஆயா | புதன், காலை 6:05

அழுவானேன்? எங்கள் அம்மா பாரஃபின் ஸ்டவ்வில் பீன்ஸை ஒரு கொதி விடுவாள். அப்புறம் இறக்கி, பானையோடு பழைய கம்பளியில் சுற்றி, மரப் பெட்டியில் வைத்துத் தலையணையால் மூடிவிடுவாள். மத்தியானம் திறந்தால் வெந்திருக்கும். எண்ணெய் மிச்சம். கூழ் பூஜைக்குப் பெரிய பானைகூட அப்படி வைத்ததுண்டு.

மணல்மேடு | புதன், காலை 8:20

ஆயா, அதையேதான் இப்போது வொண்டர்பேக் என்று விற்கிறார்கள்! சாரா காலின்ஸ் என்கிற தென்னாப்பிரிக்கப் பெண்மணி 2008-இல் மின்வெட்டு நேரத்தில் தொடங்கியது. தன் பாட்டி பானையைத் தலையணைக்கு நடுவில் வைத்தது நினைவுக்கு வந்து செய்தாராம். பஞ்சு மாதிரி நுரைத் துண்டு அடைத்த துணிப்பை, அவ்வளவுதான்.

சாட்ஸ்வொர்த் ஆயா | புதன், காலை 8:41

அப்போ எங்கள் அம்மாவுக்கும் ஒரு டின் பிஸ்கட் வர வேண்டும்.

நடத்துநர் | புதன், காலை 9:00

பசி வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது வேலை இழை. பன்னிக்குச் சமையல் பகுதியில் ஏற்கனவே மூன்று இழை இருக்கின்றன. கிடங்குக்காரர் பிரச்சினைக்கு வாருங்கள்.

வெள்ளை உடுப்பு | புதன், மாலை 4:10

வருகிறேன். மேலே பசி என்று கேட்டதும் நான்தான். மருத்துவமனையில் நர்ஸ் வேலை.

கிடங்குக்காரரே, உங்கள் இடது வலது எங்களுக்கும் உண்டு, ஆனால் எங்களுடையது கொல்லும். டோபமைன், டோபுடமைன். வாசித்துப் பாருங்கள், நடுவில்தான் வித்தியாசம். இரண்டும் இதயத்துக்குச் சம்பந்தப்பட்ட மருந்து, வேலை வேறு. ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் மோசம், தொடக்கமும் முடிவும் ஒன்று. அவசரத்தில் கண் முழுச் சொல்லையும் வாசிப்பதில்லை, தலையையும் வாலையும் பார்த்து நடுவை ஊகித்துவிடும்.

இதற்கு 2001 வாக்கில் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஒரு வழி கொண்டுவந்தது. பெயரில் எந்த இடம் மாறுகிறதோ அந்த எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடிப்பது. பொதுவான பகுதி சின்னதாக, மாறும் பகுதி பெரியதாக. மருந்து மாறவில்லை, பெயர் மாறவில்லை, செலவு மையளவு. உங்கள் சீட்டில் எண் முழுதும் ஒரே அளவில் இருக்கிறதா? கடைசி எழுத்தை மட்டும் பெரிதாக்கினால் என்ன?

இன்னொன்று. நர்ஸுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், சொல்லத்தான் வாய் வராது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்கிற டாக்டர், பெரிய ரத்தக் குழாயில் ஊசி போடும்போது கிருமி தொற்றாமல் இருக்க ஐந்து வரிப் பட்டியல் போட்டார். கை கழுவு, தோலைச் சுத்தம் செய் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. பட்டியல் பெரிசில்லை. ஒரு படி விட்டுப்போனால் டாக்டரையே நிறுத்த நர்ஸுக்கு அதிகாரம் கொடுத்தார்களே, அதுதான் பெரிசு. மணி அண்ணன் சொன்ன கயிறு மாதிரி. உங்கள் கிடங்கில் பெட்டி மாறுவது முதலில் யார் கண்ணில் படும்?

கிடங்குக்காரன் | வெள்ளி, இரவு 10:15

வெள்ளை உடுப்பு அக்கா சொன்னது எனக்குப் பிடித்துவிட்டது. சீட்டு அச்சு கணினியில் வருகிறது, அதைத் தொட எனக்கு உரிமை இல்லை. அதனால் நானே மஞ்சள் டேப் வாங்கி, வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் இடது பக்கப் பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒட்டினேன். சுமார் 200 பெட்டி. 64 ரேண்ட் என் கைக்காசு.

வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்தால், ராத்திரி ஷிப்டில் புதுச் சரக்கு இறங்கியிருக்கிறது. டேப் இல்லாத இடது பெட்டி, டேப் உள்ள இடது பெட்டி, வலது, எல்லாம் கலந்து நிற்கிறது. பையன்கள் டேப் இல்லாததெல்லாம் வலது என்று நம்பி எடுக்கிறார்கள். ஒரே நாளில் ஆறு தப்பு. முன்னே வாரத்துக்கு ஐந்து!

நான் சொன்னேனே, எனக்கெல்லாம் வராது என்று.

ஜோபர்க் கணக்கு | வெள்ளி, இரவு 10:31

64 ரேண்டுக்கு ரசீது வைத்திருக்கிறாயா?

கிழக்கு லண்டன் வாசி | சனி, காலை 9:50

நான் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவன், ஆனால் இதற்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்த் துறைமுகத்துக்கு (இங்கிலாந்து லண்டன் இல்லை, தென்னாப்பிரிக்காவில் இருக்கும் கிழக்கு லண்டன்) ஒரு தடவை வாருங்கள். அலை தடுக்கிற சுவர் ஓரமெல்லாம் கோணல்மாணலாக கான்கிரீட் எலும்புகள் குவிந்து கிடக்கும். டோலோஸ் என்று பெயர். ஹெச் எழுத்தைப் பிடித்து ஒரு காலை முறுக்கிவிட்டது மாதிரி வடிவம். ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொள்ளும். அலை வந்து மோதி நடுவில் புகுந்து சோர்ந்து போகும். 1960களில் இங்கே பிறந்தது, இப்போது உலகம் முழுக்கத் துறைமுகங்களில் கிடக்கிறது.

துறைமுகப் பொறியாளர் எரிக் மெரிஃபீல்டு பெயர்தான் எல்லா இடத்திலும் இருக்கும். அவரிடம் வரைவாளராக இருந்த ஆப்ரி க்ரூகர் சொன்ன கதை வேறு. சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போய், மனைவியின் விளக்குமாற்றுக் கம்பை மூன்று துண்டாக அறுத்து, ஆணி அடித்து முதல் மாதிரியைச் செய்தது தான்தான் என்பார். யார் செய்தது என்பதில் இன்றைக்கும் சண்டை உண்டு. காப்புரிமையும் யாரும் எடுக்கவில்லை.

நான் சொல்ல வந்தது சண்டையை அல்ல. அறுத்தது விளக்குமாறு. கோணினால் போகட்டும், இன்னொரு விளக்குமாறு. நீங்கள் 200 பெட்டியில் ஒட்டினீர்கள். இரண்டு தட்டில் ஒட்டிப் பார்த்திருக்கலாமே?

பட்டறை மணி | சனி, காலை 10:40

சரியான அடி. டேப்பைப் பெட்டியில் ஒட்டினால் பெட்டியோடு டேப்பும் போய்விடும். தட்டு போகாது.

அப்புறம் நீ இன்னும் ஏன் கேட்கவில்லை. ஏன் மாற்றி எடுக்கிறார்கள்?

சாட்ஸ்வொர்த் ஆயா | சனி, காலை 11:02

மகனே, அந்தப் பெட்டியை எடுக்கிறது யார்? நீயா, பையன்களா? என் தக்காளிப் பெட்டியை வேறு யாராவது கொண்டுவந்து வைத்திருந்தால் நான் உதைத்துத் தள்ளியிருப்பேன்.

கிடங்குக்காரன் | புதன், இரவு 9:25

ஆயா, செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நாலு வருடத்தில் நான் அவர்களைக் கேட்டதே இல்லை.

திங்கட்கிழமை டீ இடைவேளையில், அதிகம் எடுக்கிற பையனிடம் போய் உட்கார்ந்தேன். சூலு பையன், நான் வருவதற்கு முன்பிருந்தே இங்கே இருக்கிறான். ஏன் மாறுகிறது என்று கேட்டேன். அவன் என்னையே திருப்பிக் கேட்டான், எதை வைத்து இடது என்கிறீர்கள்? எனக்குப் புரியவில்லை. ஒரு கண்ணாடியை எடுத்துவந்து என் முன்னால் பிடித்தான். இது எந்தப் பக்கம் என்றான். இடது என்றேன். இல்லை, வலது. வண்டிக்கு எதிரில் நின்று பார்த்தால் இடது வலது மாறிவிடும். கம்பெனிக் கணக்கு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்க்கிற கணக்கு. புதிதாக வரும் பையன்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்கள் எழுத்தை வாசிப்பதே இல்லை, சாமானின் வடிவத்தைப் பார்த்து எடுக்கிறார்கள், எதிரில் நிற்கிற கண்ணோடு. நாலு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்த எனக்கும் அந்தக் கண்தான்!

அப்போது அவன் சொன்னான், எங்கள் பாஷையில் வலதுக்கு குவேசொகுட்லா என்போம், சாப்பாட்டுப் பக்கம், சாப்பிடுகிற கை என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரிலும் சோத்துக்கை, சோத்தாங்கை என்றுதானே சொல்வோம்! சொன்னேன். அவன் சோத்துக்கை, சோத்துக்கை என்று நாலு தடவை சொல்லிப் பார்த்துச் சிரித்தான். பீச்சாங்கைக்கு விளக்கம் கேட்டான். அதையும் சொன்னேன், டீ குடிக்கிற இடமே சிரித்தது.

சிரித்து முடித்தபோது அவன்தான் சொன்னான். இங்கே டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார். வண்டியில் உட்கார்ந்து சாப்பிடுகிற கை, ஜன்னல் பக்கக் கை. அப்போ வலது தட்டில் ஒரு சாப்பாட்டுப் படம் போட்டால் என்ன?

செவ்வாய் காலை இரண்டே தட்டில் போட்டோம், கண்ணாடித் தட்டில் மட்டும், அட்டைப் பெட்டி மூடியை வெட்டி. தட்டில்தான், பெட்டியில் இல்லை மணி அண்ணே. படம் அவன் வரைந்தது. என்ன படம் என்று கேளுங்கள்.

பீனிக்ஸ் கடைக்காரர் | புதன், இரவு 9:31

சொல்லாதே. நடத்துநர் இருக்கிறாரா பார்.

கிடங்குக்காரன் | புதன், இரவு 9:34

குவார்ட்டர் பன்னி. ஓரத்தில் குழம்பு வழிகிற மாதிரி.

நடத்துநர் | புதன், இரவு 9:50

என் போன வார எச்சரிக்கையை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்கள்.

வெள்ளை உடுப்பு | வியாழன், காலை 7:15

எங்கள் வார்டில் ஒரு டாக்டர் இடது கையால் சாப்பிடுவார். உங்கள் கிடங்கில் அப்படி யாரும் இல்லையா?

கிடங்குக்காரன் | வியாழன், இரவு 8:00

ஒருவர் இருக்கிறார், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். படத்தைப் பார்த்துவிட்டு, "அப்போ நான் பட்டினியா?" என்றார். ஆனால் அவர் ஒரு தடவைகூடத் தப்பாக எடுத்ததில்லை. இடது கைக்காரர்களுக்கு எந்தப் பக்கம் எது என்று சின்ன வயதிலிருந்தே அடித்துச் சொல்லியிருப்பார்கள் போல.

ஜோபர்க் கணக்கு | வியாழன், இரவு 8:22

தம்பி, விளையாட்டை விடு. மாதக் கடைசி வருகிறது. சீட்டில் தேதி போடு. உன் பெயரும் அந்தப் பையன் பெயரும் இரண்டும் இருக்க வேண்டும், அவன் பெயர் முதலில். போடுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து அவனுக்கும் அனுப்பி வை. மேலாளரிடம் வாயால் சொல்லாதே, மெயிலில் சொல். பெட்டியில் போடாதே என்று சொன்னவன் இதைச் சொல்கிறேன் என்று நினைக்காதே. போடுவதென்றால் இப்படிப் போடு என்கிறேன்.

கிடங்குக்காரன் | இரண்டு வாரம் கழித்து, வெள்ளி, இரவு 7:30

கணக்கு அண்ணன் சொன்னபடியே செய்தேன். முதல் பெயர் அவனுடையது.

கண்ணாடித் தட்டில் இரண்டு வாரத்தில் ஒரே ஒரு தப்பு. அதுவும் எங்கள் தப்பு இல்லை, வரும்போதே பெட்டிக்குள் வேறு பக்கம் இருந்தது. ஹெட்லைட்டுக்கும் கைப்பிடிக்கும் பையன்களே மூடி வெட்டி ஒட்டிவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை. ஒருவன் பன்னிக்குப் பதில் சமோசா வரைந்து, அதில் இரண்டு நாள் சண்டை. புதிதாகச் சேரும் ஆளை முதல் நாள் ஒரு பழைய பக்கியின் டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, சோத்துக்கையைத் தூக்கச் சொல்கிறோம். சூலு பையன்கள் எல்லாரும் இப்போது சோத்துக்கை என்றுதான் சொல்கிறார்கள்.

மேலாளர் சீட்டைப் படித்துவிட்டு வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பன்னியையே பார்த்தார். நல்லது, ஆனால் இதில் டிஜிட்டலாக ஏதாவது சேர்க்க முடியுமா, தலைமை அலுவலகத்துக்கு ஸ்லைடு அனுப்ப வேண்டும் என்றார். படத்தைப் போனில் எடுத்து அனுப்பினேன். அது டிஜிட்டல்தானே?

பட்டறை மணி | வெள்ளி, இரவு 7:48

அவரிடம் இன்னொன்றும் சொல். பெயர் பலகையை எடுத்துவிட்டு, பெட்டியை டீ குடிக்கிற இடத்தில் மாட்டச் சொல்.

ஜோபர்க் கணக்கு | வெள்ளி, இரவு 8:05

ஸ்லைடில் யார் பெயர் இருக்கிறது?

கிடங்குக்காரன் | வெள்ளி, இரவு 8:11

கேட்டேன் அண்ணே. "டீம்" என்று போட்டிருக்கிறாராம். மெயிலில் இரண்டு பெயரையும் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

சாட்ஸ்வொர்த் ஆயா | சனி, காலை 6:00

பிஸ்கட் கொடுத்தால் அந்தப் பையனோடு பாதி பாதி பிரித்துக்கொள். அந்தப் படத்தில் இருக்கிறது மட்டனா, பீன்ஸா?

கிடங்குக்காரன் | சனி, காலை 8:40

பீன்ஸ், ஆயா. மட்டன் வரைய அவனுக்கு வரவில்லை.